சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மூத்த தமிழர்கள் பலர் நீரிழிவை இன்றும் ‘இனிப்பு நீர்’ என்றே சொல்கிறார்கள். மலாய் மொழியில் வழங்கும் ‘கென்சிங் மானிஸ்’ என்ற பெயருக்கும் அதே பொருள்தான். சிறுநீரில் சர்க்கரை இறங்குவதே நோயின் அடையாளம் என்று தலைமுறைகளாக அறிந்துவைத்திருக்கும் நம்மிடம், சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கிவிடுவதற்கென்றே ஒரு மாத்திரையைக் கொடுத்தால் குழப்பம் வராமல் இருக்குமா? என் பெரியம்மாவுக்குப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) அம்மாத்திரை முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட அன்று, மருந்தாளர் தந்த விளக்கத்தைக் கேட்டுத் தலையாட்டியவர், பேருந்தில் ஏறி அமர்ந்ததும், “எந்த வியாதிக்கு இருபது வருஷமா மருந்து சாப்பிடுறேனோ, அதையே வரவழைக்கிற மருந்தா இது?” என்று முன்னிருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கேட்டார்.

நியாயமான கேள்விதான். நான் மருத்துவர் அல்லேன். பெரியம்மாவின் மாத்திரைப் பெட்டியை ஞாயிறுதோறும் நிரப்புபவள், இரண்டாண்டுகளாக அதே வகை மாத்திரையை நானும் விழுங்குபவள். உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இம்மருந்து புதிதாக எழுதப்பட்டிருந்தால், அதை எப்படித் தொடங்குவது, எதைக் கவனிப்பது, குறிப்பாக எந்த நாள்களில் அதை விழுங்கக் கூடாது என்பதை வரிசையாக இங்கே எழுதுகிறேன். மருந்தின் அளவையும் அதை நிறுத்துவதையும் உங்கள் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதலில், அட்டையில் உள்ள பெயரைப் பாருங்கள்

இம்மருந்துக் குடும்பத்துக்கு எஸ்ஜிஎல்டி-2 தடுப்பான்கள் என்று பெயர். சிங்கப்பூரில் பெரும்பாலும் கைக்கு வருபவை இரண்டு: டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின். முன்னதன் வணிகப் பெயர் ஃபோர்சிகா, பின்னதன் பெயர் ஜார்டியன்ஸ். இவற்றை, நீரிழிவுக்கு வழக்கமாகத் தரப்படும் மெட்ஃபார்மினுடன் ஒரே மாத்திரையாகக் கலந்தும் விற்கிறார்கள். மூலப்பொருளின் பெயர் ‘கிளிஃப்ளோசின்’ என்று முடிந்தால் அது இந்தக் குடும்பம் என்று அறியலாம். உடல் எடையைக் குறைப்பதாக இப்போது பலரும் பேசும் வாராந்தர ஊசி மருந்து வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் விதிகளும் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரர் சொன்ன அறிவுரையை இதற்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

அது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால் பின்வரும் விதிகள் எல்லாம் தாமாகவே விளங்கிவிடும். நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 கிராம் சர்க்கரையை இரத்தத்திலிருந்து வடிகட்டி, அதில் ஒரு துளியும் வீணாகாதபடி மீண்டும் இரத்தத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. அப்படித் திருப்பி அனுப்பும் வாயில்களில் முக்கியமானதுதான் எஸ்ஜிஎல்டி-2 என்னும் புரதம். சுமார் 90 விழுக்காட்டுச் சர்க்கரை அதன் வழியாகவே திரும்புகிறது. மாத்திரை அந்த வாயிலை ஓரளவு அடைக்கிறது. அதனால் நீரிழிவு உள்ளவர் ஒருவரின் உடலிலிருந்து நாளுக்குச் சுமார் 60 முதல் 80 கிராம் வரை சர்க்கரை சிறுநீரோடு போய்விடுகிறது. 60 கிராம் என்பது தேக்கரண்டிக் கணக்கில் ஏறக்குறைய பதினைந்து. நோயில் சர்க்கரை நிரம்பி வழிகிறது. மருந்தில் நாமே மதகைத் திறந்துவிடுகிறோம். பெரியம்மாவுக்கு இந்த ஒரு வரிதான் புரிந்தது, அதுவே போதுமானதாகவும் இருந்தது.

இது வானத்திலிருந்து குதித்த மருந்தும் அன்று. ஆப்பிள் மரத்தின் பட்டையிலிருந்து 1835ஆம் ஆண்டிலேயே பிரித்தெடுக்கப்பட்ட புளோரிசின் என்ற கசப்புப் பொருள் சிறுநீரில் சர்க்கரையை இறக்குகிறது என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. வயிற்றுப்போக்கை உண்டாக்காமல் சிறுநீரகத்தில் மட்டும் வேலை செய்யும்படி அதைத் திருத்தியமைக்கத்தான் அத்தனை காலம் பிடித்தது. டாபாகிளிஃப்ளோசினுக்கு ஐரோப்பாவில் 2012இல் அனுமதி கிடைத்தது.

இரண்டாவது, உங்களுக்கு இது எதற்காகத் தரப்படுகிறது என்று கேளுங்கள்

சர்க்கரையைக் குறைப்பதில் இம்மருந்து பெரிய சூரன் அன்று. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவை அது அரை முதல் ஒரு விழுக்காட்டுப் புள்ளி வரைதான் இறக்கும். உடல் எடை இரண்டு, மூன்று கிலோ குறையலாம். இரத்த அழுத்தமும் சற்று இறங்கும். இவ்வளவுதானா என்று தோன்றினால், 2015இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே இதயநோய் அல்லது இரத்தநாள நோய் இருந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நீரிழிவு நோயாளிகளை ஏறத்தாழ மூன்றாண்டுகள் கண்காணித்த அந்த ஆய்வில், வெற்று மாத்திரை உட்கொண்டவர்களில் 5.9 விழுக்காட்டினரும், எம்பாகிளிஃப்ளோசின் உட்கொண்டவர்களில் 3.7 விழுக்காட்டினரும் இதய, இரத்தநாளக் கோளாறுகளால் இறந்தனர். ‘38 விழுக்காடு குறைவு’ என்று விளம்பரத்தில் வருவது இந்த இரு எண்களுக்கும் இடையிலான விகிதம்தான். நூறு பேரில் இரண்டு பேருக்குச் சற்று மேல் என்று சொல்வதே எனக்கு நேர்மையாகப் படுகிறது. அதுவும் நீரிழிவு மருந்து ஒன்றுக்குப் பெரிய விஷயம்தான். அதன்பின் வந்த ஆய்வுகள், இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதையும் சிறுநீரகம் பழுதடையும் வேகத்தையும் இம்மருந்துகள் குறைக்கின்றன என்று காட்டின. நீரிழிவே இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் இதய நோயாளிகளுக்கும்கூட இப்போது இவை எழுதப்படுகின்றன.

சிங்கப்பூரில் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதற்காரணம் நீரிழிவுதான். 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. சீனர்களில் அது 9.7 விழுக்காடு. வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வரும் ஒருவரையாவது அறியாத தமிழ்க் குடும்பம் இங்கே குறைவு. ஆகவே உங்கள் சர்க்கரை அளவு ஓரளவு கட்டுக்குள் இருந்தும் மருத்துவர் இம்மாத்திரையை எழுதினால், அவர் உங்கள் சிறுநீரகத்தையோ இதயத்தையோ மனத்தில் வைத்திருக்கக்கூடும். ‘சர்க்கரை சரியாகிவிட்டதே, நிறுத்திவிடலாமா’ என்று பின்னாளில் தோன்றும்போது இந்தக் காரணம் நினைவில் இருக்க வேண்டும் என்பதால்தான் அதை முதல் நாளே கேட்கச் சொல்கிறேன்.

அதே சந்திப்பில் நீங்களாகவே சொல்ல வேண்டியவையும் உண்டு. முதல் வகை நீரிழிவு, முன்னர் எப்போதேனும் கீட்டோன் (கொழுப்பு எரியும்போது இரத்தத்தில் சேரும் அமிலப் பொருள்) மிகுந்து மருத்துவமனையில் சேர்ந்தது, கருவுற்றிருத்தல் அல்லது பாலூட்டுதல், அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்று, காலில் ஆறாத புண், நீர் பிரிக்கும் மாத்திரை, மதுப்பழக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். இன்சுலினோ, கிளிக்லசைடு, கிளிபிசைடு போன்ற மாத்திரைகளோ ஏற்கெனவே உட்கொள்பவராயின், அவற்றின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள். புது மாத்திரை தனியாகச் சர்க்கரையை அபாயகரமாகத் தாழ்த்துவது அரிது. அவற்றோடு சேரும்போதுதான் கை நடுக்கமும் வியர்வையும் வரும். சிறுநீரகத் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அது 45க்குக் கீழ் இருந்தால் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையின் ஆற்றல் மங்கும், ஆயினும் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் கிடைக்கும் பயன் தொடரும்.

மூன்றாவது, முதல் சில வாரங்கள்

மாத்திரை நாளுக்கு ஒன்றுதான். உணவுக்கு முன்போ பின்போ எடுத்துக்கொள்ளலாம். காலையில் எடுப்பதே வசதி. இரவில் எழுந்து கழிப்பறைக்கு நடப்பது குறையும். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாக விழுங்கக் கூடாது.

தண்ணீர்தான் முதல் கவலை. சர்க்கரை போகும்போது நீரையும் உப்பையும் உடன் அழைத்துக்கொண்டு போகிறது. இதயச் செயலிழப்புக்காகத் தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தாலொழிய, தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் குடியுங்கள். நம் ஊர் வெயிலில், கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கழிப்பறை தொலைவில் இருக்கிறது என்பதற்காகத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பழக்கம் அவர்களிடையே உண்டு. இம்மாத்திரையோடு அந்தப் பழக்கம் ஒத்துவராது. படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றினால் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுங்கள். தொடர்ந்து சுற்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள், இரத்த அழுத்த மாத்திரையைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

அடுத்தது, வெளியே சொல்லக் கூசும் விஷயம். சிறுநீர் இனிப்பாக இருப்பதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரக்கூடும். இம்மருந்தின் மிகப் பரவலான பக்கவிளைவு அதுதான். அரிப்பு, எரிச்சல், வெள்ளைப் படிவு ஆகியவை அறிகுறிகள். பெண்களுக்கு அதிகம், ஆண்களுக்கும் உண்டு. ஒவ்வொரு முறையும் நீரால் கழுவி, ஈரத்தை ஒற்றியெடுத்து, காற்றோட்டமான பருத்தி உள்ளாடை அணிந்தால் பெருமளவு தவிர்க்கலாம். கழுவுவதைவிட உலர்த்துவதையே நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள். பெரியம்மா மூன்று வாரம் அரிப்பைப் பொறுத்துக்கொண்டிருந்தார். ஆண் மருத்துவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கியதே காரணம். அரிப்பு என்ற ஒரு சொல்லைத் தாதியிடம் சொன்னால் போதும், மீதியை அவரே கேட்டுக்கொள்வார். பூசுமருந்திலோ ஓரிரு மாத்திரையிலோ பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் அப்பகுதியில் கடும் வலியும் வீக்கமும் சிவப்பும், கூடவே காய்ச்சலும் வந்தால் அது வேறு கதை. மிக அரிதாக வரும் ஆழ்திசு அழுகலாக இருக்கக்கூடும் என்பதால் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இரண்டு சோதனை முடிவுகள் உங்களைத் தேவையில்லாமல் பயமுறுத்தலாம். மாத்திரை எடுத்துவரும் காலமெல்லாம் சிறுநீர்ச் சோதனையில் சர்க்கரை எப்போதும் மிகுதியாகவே காட்டும். வேலைக்கான உடற்பரிசோதனைக்குப் போனால் முன்கூட்டியே மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுங்கள். தொடங்கிய சில வாரங்களில் இஜிஎஃப்ஆர் எண் சற்று இறங்குவதும் வழக்கம். வடிகட்டியின் மேலிருந்த அழுத்தம் குறைவதன் அடையாளம் அது. சிறுநீரகம் கெட்டுப்போகிறது என்று தாமாகவே மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

நான்காவது, எந்த நாள்களில் விழுங்கக் கூடாது

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் உள்ள எல்லாரும் படிக்க வேண்டும்.

போன ஆண்டுக்கு முந்திய ஆண்டு, கந்த சஷ்டி விரதம். பெரியம்மா ஆறு நாளும் பாலும் பழமும் மட்டுமே. மருந்தை விடக் கூடாது என்று இருபதாண்டுகளாக மருத்துவர்கள் சொல்லிப் பழக்கியிருந்ததால், மாத்திரைகளை ஒழுங்காக விழுங்கிவந்தார். நான்காம் நாள் மாலை குமட்டல், வயிற்றுவலி. விரலைக் குத்திப் பார்த்தேன், சர்க்கரை 10.4 மில்லிமோல். இவ்வளவுதானே என்று நிம்மதியடைந்து, வாய்வு என்று முடிவுகட்டி, இஞ்சித் தண்ணீர் கொடுத்தேன். இரவில் இரண்டு முறை வாந்தி. விடியற்காலையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர், மாடிப்படி ஏறி வந்தவரைப்போல ஆழமாகவும் வேகமாகவும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். அவசர சிகிச்சைப் பிரிவில் இரத்தக் கீட்டோனைச் சோதித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. மூன்று இரவுகள் சொட்டு மருந்தோடு மருத்துவமனையில் கழிந்தன. மாத்திரைப் பெட்டியை நிரப்பியது என் கைதான். அதனுடன் வந்த விளக்கத்தாளைப் பிரிக்காமல் இழுப்பறையில் போட்டதும் அதே கைதான்.

உணவு குறைந்து, அதிலும் மாவுச்சத்து குறைந்து, உடலில் இன்சுலினும் தாழும்போது, உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. கீட்டோன் என்னும் அமிலப் பொருள் இரத்தத்தில் சேர்கிறது. இது எந்த நீரிழிவு நோயாளிக்கும் நேரலாம், ஆனால் மற்றவர்களுக்கு அப்போது சர்க்கரை மிக உயர்ந்து எச்சரிக்கும். இம்மாத்திரை எடுப்பவருக்கோ சர்க்கரை சிறுநீரில் போய்க்கொண்டே இருப்பதால், 14க்குக் கீழே, சில சமயம் இயல்புக்கு அருகிலேயே நின்று நம்மை ஏமாற்றிவிடும். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இதைப் பற்றி 2015 மே மாதத்திலேயே எச்சரித்தது. அரிதாக நேர்வதுதான், ஆனால் உயிருக்கு ஆபத்தானது. குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, அசாதாரணக் களைப்பு, வேகமான மூச்சு ஆகியவை வந்தால், குளுக்கோமீட்டர் என்ன சொன்னாலும், மாத்திரையை நிறுத்திவிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மூச்சு வாங்கினாலோ மயக்கம் வந்தாலோ சிங்கப்பூரில் அவசர மருத்துவ வண்டிக்கு 995ஐ அழையுங்கள். ‘கிளிஃப்ளோசின் மாத்திரை எடுக்கிறார், கீட்டோன் பாருங்கள்’ என்ற வாக்கியத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆகவே, காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றால் வழக்கம்போல் உண்ணவும் பருகவும் முடியாத நாள்களில் இம்மாத்திரையை எடுக்கக் கூடாது என்பது பொது விதி. ஓரிரு நாள் இயல்பாகச் சாப்பிட்ட பிறகு மறுபடி தொடங்கலாம். அத்தகைய நாள்களில் மெட்ஃபார்மினையும் சில இரத்த அழுத்த மாத்திரைகளையும்கூட நிறுத்திவைக்கச் சொல்வதுண்டு. எவை எவை என்பதை உடல் நன்றாக இருக்கும்போதே மருத்துவரிடம் எழுதி வாங்கி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். இன்சுலினை மட்டும் எக்காரணம் கொண்டும் தாமாக முற்றிலும் நிறுத்தக் கூடாது. இன்சுலின் குறைவதே கீட்டோனுக்கு வழிவிடும்.

அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். எர்டுகிளிஃப்ளோசின் என்றால் நான்கு நாள். பேதி மருந்து குடித்துப் பட்டினி கிடக்கவேண்டிய பெருங்குடல் உள்நோக்கிச் சோதனைக்கும், முந்திய இரவோடு நிறுத்தினால் போதும் என்று நீங்களாக முடிவு செய்யாமல், தேதி குறிக்கும்போதே மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

விரதங்களைப் பொறுத்தவரை, ஆண்டின் தொடக்கத்திலேயே நாட்காட்டியோடு மருத்துவரிடம் போவதுதான் நான் கண்ட வழி. ஏகாதசி, கந்த சஷ்டி, தைப்பூசத்துக்கும் தீமிதிக்கும் முந்திய விரத நாள்கள் ஆகியவற்றைக் காட்டி, எவற்றுக்கு மாத்திரையை நிறுத்துவது என்று முடிவு செய்துகொள்கிறோம். சைவ உணவுக்கு மாறுவது மட்டுமே என்றால் மாத்திரைக்குத் தடையில்லை. சோற்றையும் நீரையும் குறைப்பதுதான் சிக்கல். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை வெயிலில் காவடியோ பால்குடமோ ஏந்தி நடப்பவருக்கு நீரிழப்பும் சேர்ந்துகொள்ளும் என்பதை மறக்க வேண்டாம். ரமலான் நோன்பு நோற்பவர்கள், நோன்பு மாதத்திலோ அதற்குச் சற்று முன்போ இம்மாத்திரையைப் புதிதாகத் தொடங்குவதைத் தவிர்ப்பது நல்லது. ஏற்கெனவே பழகியவர்களுக்கு நோன்பு திறக்கும் வேளைக்கு மாற்றித் தருவதுண்டு. முதியவர்களும் சிறுநீரகத் திறன் குறைந்தவர்களும் நோன்புக்கு முன் கட்டாயம் ஆலோசனை பெற வேண்டும்.

சோற்றை அறவே விட்டு, கொழுப்பும் இறைச்சியும் மட்டும் உண்ணும் கீட்டோ உணவுமுறையை இம்மாத்திரையோடு சேர்க்கவே கூடாது. அதற்காக, ‘சர்க்கரைதான் வெளியே போய்விடுகிறதே’ என்று காப்பிக்கடையில் தே தாரிக் என்னும் இனிப்புப் பால் தேநீருக்குப் பழையபடி சொல்லிவிடவும் கூடாது. பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி ஓ கோசோங்கும் அளவான சோறும் போதும்.

ஐந்தாவது, செலவு

சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் பலதுறை மருந்தகத்தில் இம்மருந்துகளுக்கு உதவித்தொகை உண்டா, தங்கள் நோய்நிலை அதற்குத் தகுதி பெறுகிறதா என்று கேட்க வேண்டும். நீரிழிவு நாள்பட்ட நோய்த் திட்டத்தில் அடங்குவதால் மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்தும் செலுத்தலாம். 2021இல் அதற்கான ஆண்டு வரம்பு 500 வெள்ளி என்றும், நோய்கள் இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 700 வெள்ளி என்றும் வகுக்கப்பட்டது. நாற்பது வயதைக் கடந்தவர்கள் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் ஒரே குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொண்டால், மேற்சொன்ன விரத நாட்காட்டி வேலையெல்லாம் எளிதாகும். வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு மெடிசேவ் இல்லை. முதலாளியின் மருத்துவக் காப்புறுதி மருந்துக்கு எவ்வளவு தரும் என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. கட்டுப்படியாகாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒருநாள்விட்டு ஒருநாள் விழுங்கிச் சமாளிக்க வேண்டாம்.

ஆறாவது, மூன்று மாதம் கழித்தும், ஊருக்குப் போகும்போதும்

மறுசந்திப்புக்கு எச்பிஏ1சி, இஜிஎஃப்ஆர், இரத்த அழுத்தம், எடை ஆகிய நான்கையும் பழைய எண்களோடு ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஆண்டுக்கொரு முறை கண்ணையும் பாதத்தையும் சோதிப்பது இம்மாத்திரையால் தள்ளிப்போகாது.

தமிழ்நாட்டில் டாபாகிளிஃப்ளோசின், அதன் இந்தியக் காப்புரிமை 2020இல் முடிந்தபின், எண்ணற்ற வணிகப் பெயர்களில், இரண்டு மூன்று மருந்துகளோடு கலந்தும், மலிவாகக் கிடைக்கிறது. ஊரில் உறவினர் வாங்கித் தந்த மாத்திரைப் பட்டையையும் இங்கே தந்த பட்டையையும் வெவ்வேறு மருந்தென்று நினைத்து இரண்டையும் விழுங்கியவர்களை நான் அறிவேன். பட்டையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயர்களை இரண்டிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்குள்ள மருத்துவரிடம் எண்களைச் சொல்லும்போது, இங்கே மில்லிமோலில் காட்டுவதை 18ஆல் பெருக்கிச் சொல்லுங்கள்; நம் 7.0 அவர்களுக்கு 126. பெரியம்மா தம் கைப்பையில் வைத்திருக்கும் சிறிய அட்டையில் மாத்திரையின் மூலப்பெயர், அளவு, ‘வாந்தி வந்தால் நிறுத்து, கீட்டோன் பார்’ என்ற குறிப்பு ஆகியவை தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டுள்ளன. சென்ற தை மாதம் மதுரைக்குப் போனபோது அதைத் தம் தங்கையிடம் காட்டி, அவருடைய மாத்திரைப் பட்டையையும் வாங்கித் திருப்பிப் பார்த்தாராம்.